வண்டி ஏற்றாததை யார் சுமப்பது?

எந்தப் பொருளைக் குப்பைத் தொட்டியில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதைச் சுத்தம் பற்றிய பேச்சாகவே பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, மக்கும் குப்பை, மக்காத குப்பை. தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்யும் நாங்கள் இதை வேறு விதமாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஒரு தொட்டியில் என்ன போடலாம் என்று கேட்கும்போது, அதற்குள் யாருடைய கை போகப்போகிறது என்றும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை எந்தச் சாதியுடையது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

சென்ற ஆண்டு நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தைச் செப்பனிட்டோம். ஒரே அறை, மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பின்னால் ஒரு கழிப்பறை. மழை வந்தால் பிள்ளைகள் நோட்டை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலை. கூரையை மாற்றி, கழிப்பறையை இடித்துப் புதிதாகக் கட்டினோம். வாசலில் குவிந்த இடிபாட்டை அள்ள ஒரு டிப்பர் வண்டியை வாடகைக்குப் பிடித்தோம். வந்த ஓட்டுநர் குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரப்பிஷ் மட்டும்தாண்ணே ஏத்துவேன். ஷீட்டு வேணாம், கண்ணாடி வேணாம், மரம் வேணாம், கக்கூஸ் பேசின் வேணாம். குப்பை கலந்தா அங்க இறக்க விடமாட்டாங்க.”

‘அங்க’ என்று அவர் சொன்னது யாரோ ஒருவருடைய பள்ளமான மனை. செங்கல், காரை, கான்கிரீட் துண்டு என்றால் மேடாக்குவதற்கு ஆள் உண்டு, காசும் உண்டு. ஷீட்டுக்கும் டியூப்லைட்டுக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் விலை இல்லை. அதனால் வண்டியில் இடமும் இல்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பட்டியலைத் தீர்மானித்தது சுற்றுச்சூழலோ சட்டமோ அல்ல, சந்தை.

வண்டி போன பிறகு மிச்சம் வாசலிலேயே கிடந்தது. எங்களோடு வேலை செய்த கொத்தனார் எளிதாக ஒரு வழி சொன்னார்: “தெருக் கூட்டுற அக்காகிட்ட சொல்லுங்க. இருநூறு ரூபா குடுத்தா எடுத்துட்டுப் போயிடுவாங்க.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைச் சொன்னார். ஆனால் அந்த அக்காவின் மகள் எங்கள் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புக் கணக்குப் படிக்கிறவள். இரும்பு வண்டி ஏற்ற மறுத்ததை அவள் அம்மா இருநூறு ரூபாய்க்குத் தலையில் ஏற்றிக்கொள்வார் என்று ஒரு தெருவே இயல்பாக நம்பிக்கொண்டிருக்கிறது.

அந்த மிச்சத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட் முழுசாக இருக்கும்போது அதிகத் தொல்லை தராது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைந்த பீங்கான் கத்தி போல வெட்டும். பழைய கழிப்பறைக் குழாய்க்குள் என்ன அடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, வண்டி வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றும் மனித உடம்புக்குக் கூடவே கூடாதது.

நாங்கள் ஷீட்டுகளைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி இறக்கி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கட்டி, சுவரோரம் அடுக்கி வைத்தோம். முறையாக அகற்றித் தரும்படி உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். “இதுக்குன்னு தனி ஏற்பாடு எதுவும் இல்ல, வர்ற பணியாளர்கிட்டயே குடுத்துடுங்க” என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டோம். இன்னும் வரவில்லை. மூட்டைகள் அங்கேயே இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்லிவந்தது? 2016-ல் மத்திய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளையும், கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளையும் கொண்டுவந்தது. இரண்டிலும் முதல் பொறுப்பு குப்பையை உண்டாக்குகிறவருடையதாக இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியவராக இருந்தது அவர்தான். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மருந்து, ஊசி எல்லாம் அந்த விதிகளில் அபாயக் கழிவு. இடிபாட்டைக் குப்பையோடு கலக்காமல் சொந்த இடத்திலேயே தனியாக வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குகிறவர்கள் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்க வேண்டியிருந்தது. பணியாளருக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் கிடைப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று அந்த விதிகள் கூறின.

விதி எழுதப்பட்டது குப்பை போடுகிறவருக்கு. அது நடைமுறைக்கு வரும்போது தூய்மைப் பணியாளரின் தலையில் விழுகிறது. பிரிக்காமல் போட்ட வீட்டுக்காரர் அபராதம் கட்டி நாங்கள் பார்த்தது அரிது. பிரிக்காத குப்பையைக் கொண்டுவந்தார் என்று பணியாளர் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குவதைத் தினமும் பார்க்கிறோம். கடைசியில் எல்லோருக்காகவும் அவரே தள்ளுவண்டி ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்.

இன்னொரு சிக்கலை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாப்கின், டயப்பர் போன்றவற்றை நன்றாகச் சுற்றி மக்காத குப்பைத் தொட்டியில் போடக் கூறின 2016 விதிகள். மக்காத குப்பை என்பதுதான் பாட்டில், அட்டை, பால் கவர் என்று விலை போகிறதைத் தேடிக் கைவிட்டுப் பிரிக்கப்படும் குப்பை. அதாவது, மலம் அப்பிய டயப்பர் எந்தத் தொட்டிக்குப் போகக்கூடாதோ, அதற்கே அனுப்பிவைத்தது சட்டம்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறை, அதன் மலம் விழும் திறந்த வடிகால், குழி, ரயில் பாதை ஆகிய இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குப்பைத் தொட்டி அந்த வரிசையில் இல்லை. டயப்பரைக் கையால் எடுக்கும் பெண், சட்டத்தின் கண்ணில், மலம் அள்ளுகிறவர் இல்லை. ஆனால் அதே வரையறை வேறு இடங்களையும் அறிவிக்க மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அதிகாரம் தருகிறது. இதைக் கையில் எடுத்துப் போராட இடம் இருக்கிறது.

‘எந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்கிறார்கள். டயர், பேட்டரி, பெயிண்ட், ஃப்ரிட்ஜ், ஆஸ்பெஸ்டாஸ், மருத்துவக் கழிவு போடக்கூடாது என்பது அங்கே பொதுவான நிபந்தனை. மீறினால் வாடகைக்கு எடுத்தவர் பணம் கட்ட வேண்டும். போட்டவரே பொறுப்பு என்ற இந்த ஒரு பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நாட்டில், 1968 பிப்ரவரி 1 அன்று, மெம்ஃபிஸ் நகரில் மழைக்குக் குப்பை வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், பழுதான நசுக்கும் எந்திரத்துக்குள் சிக்கி இறந்தார்கள். அதன்பின் சுமார் 1,300 தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையோடு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். எந்திரம் இருந்தது. அதைச் சரிசெய்து வைக்கும் அளவுக்கு அந்த உயிர்களுக்கு மதிப்பு இல்லை.

இங்கே அந்த மதிப்பைச் சாதி தீர்மானிக்கிறது. கழிவுநீர்க் குழாய், மலக்குழி சுத்தம் செய்வோரை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது, சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர். இது வெறும் வேலைப் பிரிவினை என்று சொல்கிறவர்களுக்கு, அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே பதில் இருக்கிறது. விரும்பித் தேர்ந்தெடுக்கவும் விரும்பாதபோது விட்டுப்போகவும் முடியாத ஒன்றை வேலை என்ற கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

படிப்பக வேலை முடிந்த பிறகு, பகுதியில் வேலை செய்யும் பன்னிரண்டு பணியாளர்களோடு உட்கார்ந்து, ‘தொட்டியில் என்னென்ன இருக்கக்கூடாது, நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டோம். அவர்கள் மக்கும், மக்காத என்று பிரிக்கவில்லை. கிழிப்பது, எரிப்பது, நோய் தருவது, இடுப்பை உடைப்பது என்று தங்கள் உடம்பை வைத்துப் பிரித்தார்கள். கண்ணாடி, பிளேடு, டப்பா மூடி கிழிக்கும். கழிப்பறை ஆசிட் பாட்டிலின் அடியில் மிஞ்சியது எரிக்கும். டயப்பரும் ஊசியும் செத்த எலியும் நோய் தரும். காய்கறிக் குப்பைக்கு அடியில் மறைத்து வைத்த காரையும் செங்கலும் இடுப்பை உடைக்கும். “கறுப்புக் கவர் கனமா இருந்தா கைய விடமாட்டேன், முதல்ல காலால உருட்டிப் பாப்பேன்” என்றார் ஒரு அக்கா. இன்னொருவர் சொன்னார்: “கண்ணாடிய பேப்பர்ல சுத்தி, மேல ‘கண்ணாடி’ன்னு எழுதிப் போட்டா போதும்ப்பா. எழுதத் தெரிஞ்சவங்கதான இந்தத் தெருவுல இருக்காங்க?”

புனேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவான ‘ஸ்வச்’ இதே போன்ற ஒன்றைச் செய்துகாட்டியது. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாகத் தரச் சொன்னார்கள். பிரிக்காமலேயே உள்ளே இருப்பது என்னவென்று கைக்குத் தெரிந்துவிடும். அரசு கொடுத்த யோசனை அல்ல. வேலை செய்கிறவர்கள் சேர்ந்து சங்கமாக நின்றதால் வந்தது.

நீங்கள் படிக்கும் கல்லூரி, தங்கும் விடுதி ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம். நாள் ஒன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களை 2016 விதிகள் தனியாக வகைப்படுத்தின. பெரிய விடுதிகள் பல இதில் வரும். உங்கள் விடுதிக் குப்பையை யார் பிரிக்கிறார், அவருக்கு யார் சம்பளம் தருகிறார், கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆய்வகக் கண்ணாடி எங்கே போகிறது என்று வேதியியல் துறையில் கேளுங்கள். கட்டட வேலை நடந்தால், ஒப்பந்தக்காரர் ஏற்றாமல் விட்டதை யாரைக் கொண்டு அள்ளுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பணியாளர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிற வரிசையில், ஒரு பட்டியல் எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள்.

கையுறை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். கையுறை போட்ட கையும் அதே சாதியின் கையாகவே இருக்கும்வரை நம் வேலை முடியவில்லை. நிரந்தரப் பணி, பணியாளர் பிள்ளைகளுக்கு வேறு வாசல், குப்பைத் தொட்டியையும் 2013 சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவரும் அறிவிப்பு ஆகிய மூன்றையும் கேட்டு நாங்கள் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பணியாளர்கள் சொன்ன நான்கு வகைப் பட்டியலை அதோடு இணைக்கிறோம். உங்கள் விடுதியிலிருந்தும் ஊரிலிருந்தும் அப்படி ஒரு பட்டியல் வந்தால் மனு கனமாகும்.