தஞ்சாவூர் கிட்டி: அம்பு இல்லாத வில்

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல் விங்குக்கே ஒரு யூடியூப் பைத்தியம் பிடிச்சிருந்தது. அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போறவங்க, எந்த ‘பிராட்ஹெட்’ வாங்கலாம்னு மணிக்கணக்கா பேசுற வீடியோக்கள். பிராட்ஹெட் என்பது அம்பின் நுனியில் திருகி மாட்டுற, பிளேடு வச்ச முனை. பொதுவா 100 அல்லது 125 கிரெய்ன் எடை இருக்கும். நம்ம கணக்குல ஆறரை கிராம், எட்டு கிராம். பிளேடு அசையாம நிக்கிறது ஒரு வகை. பறக்கும்போது மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் விரியுறது இன்னொரு வகை.

எது பெஸ்ட்டுன்னு மெக்கானிக்கல் பசங்களுக்குள்ள ஒரே சண்டை. விஷயம் என்னவோ எளிமையானதுதான். விரியுற முனை பெரிய காயம் பண்ணும். ஆனா விரியுறதுக்கே கொஞ்சம் ஆற்றலைத் தின்னுடும். அதனால இழுவிசை குறைஞ்ச வில்லுக்கு அசையாத பிளேடுதான் நல்லது. குறுக்குவில்லில் வேகம் அதிகம். அந்த வேகத்தில் அசையாத பிளேடு காற்றைப் பிடிச்சு அம்பைத் திசை திருப்பலாம். அதனால அங்கே பலர் விரியுற முனைக்குப் போறாங்க. ஒரு சின்ன கணக்கு: 26 கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போனா இயக்க ஆற்றல் சுமார் 94 ஜூல். துப்பாக்கிக் குண்டோடு ஒப்பிட்டா இது ரொம்பக் கம்மி. அம்பு அடிச்சுக் கொல்றதில்லை. அறுத்து, ரத்தம் போக வச்சுக் கொல்லுது. அதனாலதான் பிளேடு கூரா இருக்கணும், அம்பு நெஞ்சுக்கூட்டில் படணும்னு அவங்க அவ்வளவு பிடிவாதமா இருக்காங்க. இடம் தப்பினா அந்த மான் எங்கேயோ போய் ராத்திரி முழுக்கத் துடிக்கும்.

நம்ம நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ இந்த மாதிரி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. ஆகவே அந்த பிராட்ஹெட் சண்டை ஹாஸ்டல் மெஸ்ஸோடு முடிஞ்சிடும். ஆனா “நம்ம ஊர்ல வில் வேட்டையே கிடையாதாடா?”ன்னு ஒருத்தன் கேட்டப்ப எனக்கு ஒரு பதில் இருந்தது. அதைத்தான் இங்க எழுதுறேன்.

நான் திருக்கடையூர்ப் பக்கம். மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி தாலுகா. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். எமனை உதைச்ச சாமி இருக்கிற கோயில் என்பதால ஆயுசு கேட்டு வருவாங்க. அபிராமி பட்டர் பாடின அம்பாள் கையில் கரும்பு வில், மலர் அம்பு. கோயில் தெருவைத் தாண்டி வயக்காட்டுக்கு வந்தா இன்னொரு வில்லைப் பார்க்கலாம். அது மூங்கில் வில். அதுக்கு அம்பே கிடையாது. பேரு தஞ்சாவூர் கிட்டி.

எலி பிடிக்கிற பொறி அது. மூங்கில் பத்தையை வில்லா வளைச்சு, கயிறு கட்டி, நடுவுல ஒரு சின்னத் தடை வச்சு இழுத்து நிறுத்துவாங்க. இரைக்கு நெல். எலி தலையை உள்ளே நீட்டி இரையைத் தொட்டதும் தடை விலகும், வில் விறைக்கும், கயிறு கழுத்தை இறுக்கும். சாயங்காலம் வச்சுட்டு விடியக்காலையில் எடுக்கணும்.

நம்ம பாஷையில் சொன்னா இது வளைவில் ஆற்றலைச் சேமிச்சு வைக்கிற சாதனம். கயிற்றை 20 செ.மீ. இழுக்க கடைசியில் 50 நியூட்டன் விசை வேணும்னு வச்சுக்கோங்க. அரை பெருக்கல் 50 பெருக்கல் 0.2, ஆக 5 ஜூல். அந்த அம்போட 94 ஜூலுக்குப் பக்கத்தில் இது ஒண்ணுமே இல்லை. ஆனா இந்த 5 ஜூல் 30 மீட்டர் பறக்க வேண்டியதில்லை; எலியே வில்லுக்குள்ள வந்து தலையைக் கொடுக்குது.

எங்க வயலுக்கு வர்ற கிட்டிக்காரர் அறுபதைத் தாண்டினவர். அப்பாவை ‘தம்பி’ம்பார், என்னை ‘பாப்பா’ம்பார். போன பொங்கல் லீவுல அவர் பின்னாடியே வரப்பில் நடந்து கேட்டுக்கிட்டதுதான் இந்தக் கட்டுரையில் பாதி. முத்தின மூங்கில்தான் எடுப்பார். இளசு ஒரே ராத்திரியில் வளைவுக்குப் பழகி விசையை விட்டுடுமாம். (நாம மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ‘ஸ்ட்ரெஸ் ரிலாக்ஸேஷன்’னு படிச்சோமே, அதேதான்.) வேலை முடிஞ்சா எல்லா வில்லையும் கயிறு தளர்த்தித்தான் கட்டி வைப்பார். தடை ரொம்ப இளக்கமா இருந்தா காத்துக்கும் நண்டுக்கும் விழுந்துடும். ரொம்ப இறுக்கமா இருந்தா எலி நெல்லைத் தின்னுட்டுப் போயிடும்.

இரையை ஏன் அவ்வளவு உள்ளே தள்ளி வைக்கிறீங்கன்னு கேட்டேன்.

“கழுத்துல விழணும் பாப்பா. இடுப்புல விழுந்தா விடிய விடியக் கத்தும். அது பாவம்.”

அந்த வீடியோக்காரங்க ஒரு மணி நேரம் பேசினதும் இதுதான்னு தோணிச்சு.

சரி, எலி அப்படி என்ன பண்ணிடுது? நடவு வயலில் தூரை அடியோடு சாய்வா வெட்டும். பொதிப் பருவத்துல வெட்டினா அந்தத் தூருல கதிரே கிடையாது. கதிர் முத்தினா இழுத்துட்டுப் போய் வளைக்குள்ள சேர்த்து வைக்கும். மூணு வாரத்துல குட்டி போடுற ஜாதி. சம்பாவை நம்பி காலேஜ் ஃபீஸ் கட்டுற வீடு எங்க வீடு. வரப்போரத்துல வட்டமா நாலு இடம் படுத்துக் கிடந்தா அப்பா அன்னைக்குச் சரியா சாப்பிட மாட்டார்.

விஷம் வைக்கலாமே என்பீங்க. ஜிங்க் பாஸ்பைடு கடையில் கிடைக்குது. எலி வயித்து அமிலத்தில் அது பாஸ்பீன் வாயுவா மாறிக் கொல்லுது. ஆனா கொஞ்சமாத் தின்னுட்டுப் பிழைச்ச எலி அப்புறம் அந்தப் பக்கமே வராது. அதனால முதல்ல சில நாள் விஷமில்லாத தீனி வச்சுப் பழக்கணும். புரோமோடயலோன் வேற மாதிரி. ரத்தம் உறையாம பண்ணி நாலஞ்சு நாள் கழிச்சுக் கொல்லும். அதுவரைக்கும் தள்ளாடித் திரியுற எலியை ஆந்தை சுலபமாப் பிடிச்சிடும், விஷம் ஆந்தைக்கும் போயிடும். வயலில் T வடிவத்தில் குச்சி நட்டு ‘ஆந்தையே வா’ன்னு கூப்பிடுறதும் நாமதான், அதுக்கு விஷம் வைக்கிறதும் நாமதான். கிட்டியில் விழுற எலி அங்கேயே கிடக்கும், எண்ணிப் பார்க்கலாம். கூலியே எலிக் கணக்குக்குத்தான்.

குறையும் இருக்கு. ஒரு கிட்டிக்கு ஒரு ராத்திரியில் ஒரு எலிதான். எங்க வயலில் மட்டும் வச்சா பக்கத்து வயலிலிருந்து புதுசு வந்துடும். ஊரே சேர்ந்து வச்சாத்தான் பலன். அப்படிச் சேர்றது வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போகுது.

இன்னொரு விஷயம். வட மாவட்டங்களில் இருளர்கள் மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, ஓட்டையில் வாயை வச்சு வளைக்குள்ள புகை ஊதி எலி பிடிப்பாங்க. சூடு, புகை, இருமல் எல்லாம் அவங்க உடம்புக்கு. அதுக்குப் பதிலா கையால் சுத்துற இரும்புப் புகைக்கருவியைத் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒண்ணு செஞ்சு கொடுத்தது. 2003-ல் உலக வங்கி நடத்தின போட்டியில் அதுக்குப் பரிசும் கிடைச்சது. அதில் பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை. பக்கத்துல உட்கார்ந்து, வேலை செய்றவருக்கு எங்கே வலிக்குதுன்னு பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்.

கிட்டிக்கு அப்படி யாரும் உட்கார்ந்து பார்த்ததா எனக்குத் தெரியலை. எங்க கிட்டிக்காரருக்கு இப்ப முழங்கால் வலி. அத்தனை கிட்டியையும் சேத்துல குனிஞ்சு வைக்கிறது அவருக்குக் கஷ்டம். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில் இருக்கார். இந்த வேலைக்கு வர மாட்டேன்னுட்டார். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற ஜூனியர்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்க. நின்னுக்கிட்டே வைக்கிற மாதிரி ஒரு நீளக் கைப்பிடி, காத்துக்கு விழாத ஒரு தடை, எத்தனை நாளில் எந்த மூங்கில் எவ்வளவு விசை இழக்குதுன்னு ஒரு அட்டவணை: இது மூணும் போதும். லேப்ல யூ.டி.எம். சும்மாதானே கிடக்கு. மார்கழியில் எங்க வயலுக்கு வாங்க. அப்பா கிட்டிக்காரருக்கு இப்பவே சொல்லி வச்சிருக்கார், அவரும் “முட்டி விட்டா வர்றேன் தம்பி”ன்னு சொல்லியிருக்கார்.