பேர் சொல்லு

விடுதலை ஊழியக் குழு ஒன்றில் நான் பல வருஷம் இருந்தேன். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நூல் மில்களுக்கு நடுவில் இருந்த ஒரு ஜெப வீடு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பின்னறையில் எங்கள் வேலை தொடங்கும். ஆடுகிறவர்கள், விழுந்து புரள்கிறவர்கள், பேச்சே நின்றுபோனவர்கள் என்று யாரையாவது கூட்டி வந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். தலையில் கை வைத்து, உள்ளே இருக்கும் ஆவியை அதட்டிப் பேர் கேட்பது என் பொறுப்பு. அந்த அறையில் ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

அவள் தென் மாவட்டத்திலிருந்து மில்லுக்கு வந்தவள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி அப்போது ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர். நடுவில் விட்டுப் போனால் அந்தத் தொகை கைக்கு வருவது நிச்சயமில்லை. விடுதி வார்டனம்மா இரண்டு பெண்களைத் துணைக்குச் சேர்த்து அவளை அழைத்து வந்திருந்தார். “நைட் ஷிப்டுன்னா கத்தறாளுங்க. கீழ உளுந்து பொரள்றா. பகல்ல நல்லாத்தான் இருக்கறா. காத்து கருப்பு அடிச்சிருக்குமுங்க” என்றார்.

ராத்திரி ஷிப்டுக்கு மட்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை. துணைக்கு வந்த பெண்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டோம். அது எங்கள் வழக்கம். உடன் இருப்பவர்கள் மேல் ஆவி தாவிவிடும் என்று காரணம் சொல்வோம்.

அவள் தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. கை வைத்ததும் தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன், அடித்தாள். அவளுடைய துப்பட்டாவாலேயே கைகளைக் கட்டினோம். “பேர் சொல்லு, யாரு நீ?” என்று கத்தினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரு ஆணின் பேரைச் சொன்னாள். குழுவில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். “தூக்குல தொங்குனவனா? கெணத்துல உளுந்தவனா?” என்று கேட்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். “எங்க புடிச்ச இவள?” என்றேன். “குடோன்ல.” “எப்ப?” “நைட் ஷிப்டுல.” இவ்வளவும் அவள் வாயால் சொன்னாள். நான் அந்தப் பேரை உரக்கச் சொல்லி, இயேசுவின் நாமத்தில் வெளியே போ என்று கட்டளையிட்டேன். பேரைச் சொல்லும்போதெல்லாம் அவள் உடம்பு நடுங்கியது. ஆவிதான் பயந்து நடுங்குகிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் அப்படியே அடங்கிச் சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டாள். விடுதலை கிடைத்துவிட்டது என்று அறிவித்து விடுதிக்கு அனுப்பினோம். மறுவாரம் அதே ஷிப்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

அன்று வெளியே காத்திருந்தவர்களில் ஒருத்தி, கல்யாணமாகி இந்தப் பக்கமே தங்கிவிட்டவள், பின்னாளில் என்னைப் பார்த்தபோது சொன்னாள்: “அண்ணே, நீங்க கத்துனது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அது பேய் பேரு இல்லண்ணே. எங்க சூப்பர்வைசர் பேரு.” அதற்குள் அந்தப் பெண் மில்லை விட்டுப் போயிருந்தாள். எங்கே போனாள் என்று இவளுக்கும் தெரியவில்லை.

அதுவரைக்கும் இந்தக் கதையைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பூரிலும் கோபியிலும் கன்வென்ஷன் மேடைகளில் ஏறி, ராத்திரியானால் அலறிய மில் பெண் எப்படி அமைதியானாள் என்று விவரிப்பேன். கூட்டம் அழும். அந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது. ஜெபிக்கும்போது என் கைகளில் ஒரு சூடு ஏறும். இன்றைக்கும் ஏறுகிறது. அதை ஆண்டவர் தந்த அடையாளம் என்று நம்பினேன். கை சூடானது, அவள் நடுங்கினாள், பிறகு அமைதியானாள். இந்த மூன்றையும் சேர்த்து அற்புதம் என்று தீர்மானிக்க வேறு எதையும் நான் தேடவில்லை.

எங்கள் முறை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். ஃபிராங்க் ஹேமண்டும் அவர் மனைவி ஐடா மேயும் 1973-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘பிக்ஸ் இன் தி பார்லர்’ என்ற புத்தகத்தின் ஜெராக்ஸ் எங்கள் குழுவில் சுற்றியது. கோபம், பயம், துக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆவிகளைக் குழுக்குழுவாகப் பட்டியலிட்ட புத்தகம். மனச்சிதைவு நோய்க்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. அந்தப் பட்டியலில் நாங்கள் எங்கள் ஊரைச் சேர்த்துக்கொண்டோம். இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால் “கருப்பராயனா? கன்னிமாரா? மாசாணியா?” என்று கேட்போம். விடையை நாங்களே கையில் கொடுத்துவிட்டு, அவர் வாயில் அது வந்ததும் ஆச்சரியப்படுவோம். வீட்டில் யாரும் கேள்விப்படாத ஒரு பேரை எந்த ஆவியும் என்னிடம் சொன்னதாக நினைவில்லை. அக்கம்பக்கத்தார் கும்பிடுகிற சாமிகளின் பேரை அந்த அறையில் நான் எவ்வளவு கேவலமாக உச்சரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேதம் தெரியாமல் செய்ததாகச் சொல்லித் தப்ப முடியாது. வேத வசனத்தோடு வளர்ந்தவன் நான். பேர் கேட்பதற்கு மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுவேன். கல்லறைகளில் திரிந்த மனுஷனிடம் இயேசு பேர் கேட்கிறார், உண்மை. ஆனால் சுவிசேஷங்களில் அப்படிக் கேட்டது அந்தச் சம்பவத்தில் மட்டும்தான். ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பில் விழும் பையனைக் கொண்டுவந்தபோது, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தகப்பனிடம் விசாரிக்கிறார், அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அந்தக் கேள்வியை நான் வாசித்திருந்தேன், ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. பேதுருவின் இரண்டாம் நிருபமும் அப்படித்தான். மலையின்மேல் வானத்துச் சத்தத்தைத் தன் காதால் கேட்டவன் பேதுரு. அவனே அதைச் சொல்லிவிட்டு, அதிக உறுதியானது என்று எழுதப்பட்ட வசனத்தைக் காட்டுகிறான். என் கைச்சூட்டை நான் அவனுடைய அனுபவத்துக்கும் மேலே வைத்தேன்.

குணமானார்களே, அது பொய்யா என்று நண்பர்கள் கேட்பார்கள். சிலர் தேறினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் 2002-ல் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் உடன் இருந்தவர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய ஆய்வைப் படித்தபின் எனக்கு அந்த வாதம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரைக் கவனித்திருக்கிறார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். காலையில் சின்னதாக ஒரு பூஜை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூட்டிப் பெருக்குவது, கூடவே வீட்டு ஆள் ஒருவர். பேயோட்டுதல் எதுவும் இல்லை. நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. தேறுவதுதான் சத்தியத்துக்குச் சான்று என்றால் நான் முத்துசாமியைத்தான் கும்பிட வேண்டும். அங்கே தேறினால் சாத்தானின் தந்திரம், எங்கள் அறையில் தேறினால் தேவ வல்லமை என்று பேசிக்கொண்டிருந்தேனே, அதை எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது?

நிதானமாக இருந்த சபைகளைச் ‘செத்த சபை’ என்று பேசியவனும் நான்தான். நான் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. சபையையே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பேயோட்டுவதற்கு அப்படிப்பட்ட சபைகளில் விதிகள் இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1172-ம் பிரிவின்படி, ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்ட முடியாது. 1974-ல் இங்கிலாந்தின் ஆசெட் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர், ராத்திரி முழுக்கப் பேயோட்டப்பட்டு, காலையில் வீட்டுக்குப் போய் மனைவியைக் கொன்றுவிட்டார். அடுத்த வருஷம் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆர்ச்பிஷப் டொனால்ட் கோகன் விதிகள் கொடுத்தார்: மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டும், விளம்பரம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், பிறகு அந்த ஆளைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டும். நான் விளம்பரம் செய்தேன். அந்தப் பெண்ணை அதற்குப்பின் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப்போன செய்தியைப் படித்துவிட்டு, அறியாமையில் கிடக்கிற ஜனங்கள் என்று வருத்தப்பட்டு ஜெபித்தவன் நான். அப்படி ஜெபித்த கையால்தான் ஒரு பெண்ணின் கையைத் துப்பட்டாவால் கட்டினேன். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. துணி என்றால் பரவாயில்லை என்று நினைக்க எனக்கு எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அவிநாசிப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர், வலிப்பு வரும் மகனுக்கு ஜெபம் முடிந்ததும், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, “ஏனுங்க பிரதர், இத நிறுத்தீரலாமுங்களா?” என்று கேட்டார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நிறுத்தாதீங்க என்று சொல்லியிருந்தால் குழுவில் என் விசுவாசம் சந்தேகத்துக்கு உள்ளாகும். நிறுத்துங்க என்றால் பின்னால் பழி வரும். “உங்க விசுவாசத்தின்படி செய்யுங்க” என்றேன். அவர் நிறுத்திவிட்டார். விடாத வலிப்போடு பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. பிழைத்தான். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. இயேசு பிசாசுகளைத் துரத்தினார் என்று நம்புகிறேன். நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன், மாத்திரையைப் போட்ட பிறகு, வீட்டார் பக்கத்தில் இருக்க. அந்த மில் பெண்ணைப் பற்றிய சாட்சி பொய் என்று மேடையில் சொல்ல அனுமதி கேட்டேன். புது விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தச் சாட்சியைத் திரும்பப் பெறுகிறேன். அவளுக்குப் பேய் பிடித்திருக்கவில்லை. தனக்கு நடந்ததை அவள் எங்களிடம் சொன்னாள், ஆளின் பேரோடு சொன்னாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன். என் சாட்சியைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பெண்ணை யாராவது இப்படி ஒரு அறைக்குக் கூட்டிப்போயிருந்தால், அன்றைக்கு உள்ளே என்ன சொன்னாள் என்று அவளிடமே கேளுங்கள்.