சுவர் முதல்ல, குழி அப்புறம்

ஓ.எம்.ஆர் பக்கம் இன்டர்ன்ஷிப்புக்கோ இன்டர்வியூவுக்கோ போயிட்டு வந்தவங்களுக்கு அந்தத் தடுப்புகளும் டைவர்ஷன் போர்டும் பழக்கமா இருக்கும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் அது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டர். தரமணி வரைக்கும் பெரும்பாலும் பூமிக்கு அடியில், பிறகு ராஜீவ் காந்தி சாலையில் தூண்கள் மேல். அதனால டைடல் பார்க் சிக்னல்ல நிக்கிறவங்களுக்குத் தூசியும் டிராஃபிக்கும்தான் தெரியும், ஸ்டேஷன் தெரியாது.

"ஒரு குழி தோண்ட இத்தனை வருஷமா?"ன்னு ஆட்டோ அண்ணன் ஒருத்தர் கேட்டார். நான் சிவில் படிக்கிறேன். பதில் சொல்லித்தானே ஆகணும்!

முதல்ல தோண்டறது குழியே இல்ல, சுவர். சைட்ல 'டி-வால்'னு சொல்வாங்க. கிராப் மெஷின் ஒரு ஒடுக்கமான பள்ளத்தை ஆழமா வெட்டிக்கிட்டே போகும். மண் சரியாம இருக்க, பள்ளம் முழுக்க பென்டோனைட் கரைசல் நிரப்புவாங்க. கிரேன்ல கம்பிக்கூட்டை உள்ளே இறக்கி, குழாய் வழியா அடியிலிருந்து கான்கிரீட் விடுவாங்க. கனமான கான்கிரீட் கீழே தங்கி மேலே ஏற ஏற, கரைசல் வெளியே வந்துடும். இப்படியே துண்டு துண்டா நாலு பக்கமும் சுவர் மூடின பிறகுதான் உள்ளே மண்ணை அள்ளுவாங்க. கடற்கரைக்குப் பக்கத்துல நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். இந்தச் சுவர் இல்லாம நீரை இறைச்சா, பக்கத்துக் கட்டடங்களின் அடி மண் இறங்கிடும். அந்தக் கட்டடங்களுக்காகத்தான் இவ்வளவு பொறுமை.

இதையெல்லாம் நாலு வருஷம் படிச்சுட்டு, நான் சேரப்போறது அதே ரோட்டுல ஒரு ஐ.டி கம்பெனி. எஜுகேஷன் லோன் இருக்கு, தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறா. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஓகே சொன்னேன், வருத்தம் இல்ல. எங்க வகுப்புல கோர் வேலைக்குப் போறது ரெண்டே பேர். அதுல ஒருத்தி சைட் இன்ஜினியர் டிரெய்னி. "வெயில்ல கறுத்துப் போயிடுவே, எவன் கட்டிப்பான்?"னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. நம்ம பசங்களே "மேஸ்திரி மேடம்"னு கூப்பிட்டுச் சிரிக்கிறாங்க. அவ பதில் சொல்றதில்ல, ஹெல்மெட் சைஸ் பார்த்துட்டு இருக்கா.

டைடல் பார்க் 2000-ல் திறந்தது. பக்கத்துல இருக்கிற திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு ரயில் வந்தது 2004-ல். ஆபீஸ் முதல்ல வந்துடும், அங்கே போற வழி தாமதமாத்தான் வரும். அந்த வழியைப் போட ஆள் வேணும் இல்லையா? வகுப்புக்கு ரெண்டு பேர்தான் போறாங்கன்னா, அவங்களையும் கிண்டல் பண்ணித் திருப்பி அனுப்பிடாதீங்க.