கவிஞர் பரம்பரையில் ஓர் அரக்கன்

பயங்கரப் படமென்றால் ஒதுங்கிப் போகும் இயல்பினர் நாம். பேயும் பூதமும் வாயைப் பிளந்து வருவதைப் பார்த்திருப்பதிலும் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்துவது மேல் என்று எண்ணுபவர். (விடைத்தாள்களும் சிலவேளை பயங்கரமானவையே என்பது வேறு கதை.) அத்தகைய எம்மைச் சென்ற விடுமுறையில் ஓரிரவு மடிக்கணினியின் முன் அமர்த்தியவள் எம் மகள்.

"அப்பா, நீங்கள் படிப்பிக்கிற வேட்ஸ்வேத்தின் வம்சத்தவர் ஒருவர் இதிலே அரக்கனாக வருகிறார்" என்றாள்.

கேலி செய்கிறாள் என்றே நினைத்தோம். ஆனால் அவள் சொன்னது மெய். இயற்கையைப் பாடிய வில்லியம் வேட்ஸ்வேத்தின் எள்ளுப்பேரனாகிய றிச்சட் வேட்ஸ்வேத் என்னும் நாடக நடிகரே அவர்.

படத்தின் பெயர் 'த குவேற்றமாஸ் எக்ஸ்பெரிமென்ற்'. 1955இல் இங்கிலாந்தின் ஹமர் நிறுவனத்தார், வால் கெஸ்ற் என்பவரின் நெறியாள்கையில், சிறுதொகைச் செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வயது வந்தோர்க்கு மட்டும் என்பதைக் குறிக்க அக்காலத்தில் அங்கே 'எக்ஸ்' சான்றிதழ் வழங்குவர். அதனையே விளம்பரமாக்க எண்ணி, பெயரின் முன்னிருந்த எழுத்தை வெட்டிவிட்டு 'எக்ஸ்' என்ற எழுத்திலேயே அச்சொல்லைத் தொடங்கினர். வியாபாரிகளின் சாமர்த்தியத்தை என்னென்பது! அதே நிறுவனத்தார் 1957இல் பிராங்கன்ஸ்ரைனையும் 1958இல் டிராக்குலாவையும் வண்ணத்தில் கொண்டுவந்தனர். உலகம் அவற்றை நினைவில் வைத்தது. முன்னே வந்த இந்த ஏழைப் படத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

மூவரை ஏற்றிச்சென்ற ரொக்கட் ஒன்று வயல்வெளியில் வந்து வீழ்கிறது. வெளிவருபவன் ஒருவனே. மற்ற இருவரின் உடைகள் இருக்கின்றன, உடைகளுக்குள் ஆளில்லை. தப்பி வந்த விக்ரர் கரூன் பேச்சிழந்து கிடக்கிறான். விண்வெளியில் அவனுடலிற் குடிபுகுந்த ஏதோவோர் உயிர், அவன் தொட்டவற்றையெல்லாம் உறிஞ்சித் தன் வடிவாக்கிக்கொள்கிறது. வைத்தியசாலையில் இருந்த கள்ளிச்செடியொன்றை அவன் கையால் ஓங்கிக் குத்துகிறான். அதன்பின் அக்கை கையாக இல்லை. மேலங்கிக்குள் அதை மறைத்தபடியே திரிகிறான்.

படம் முழுவதிலும் றிச்சட் வேட்ஸ்வேத் பேசுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒட்டிய கன்னமும் குழிவிழுந்த கண்ணுமே பேசுகின்றன. தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்பது அக்கண்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவே எம்மை நடுங்கச் செய்தது. அவனுடைய மனைவி யூடித் அவனை வைத்தியசாலையிலிருந்து களவாக மீட்டுக் காரில் அழைத்துச் செல்கிறாள். மறைத்திருக்கும் கையைக் காட்டும்படி கேட்கிறாள். கண்டதும் அலறுகிறாள்.

அவ்விடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னோம்.

"ஏன் அப்பா, பயமா?"

"ஓம்" என்றோம். பின்பு, எவருக்கும் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னோம்.

எம் தந்தையாரும் உபாத்தியாயர். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதியவர். பாரிசவாதம் வந்து அவர் பேச்சு நின்றது, வலக்கை சுருண்டுபோயிற்று. எவரேனும் வந்தால் அக்கையைச் சால்வைக்குள் மறைத்துவிடுவார். அம்மா மாத்திரமே அதனைப் பிடித்து, விரல் விரலாக விரித்து, எண்ணெய் தடவுவார். ஒரு மாலை அம்மா அடுக்களையில் இருந்தார். ஐயா சால்வையை விலக்கி அக்கையை மெல்ல எம்மை நோக்கி நீட்டினார். "தண்ணீர் வேணுமோ ஐயா?" என்று கேட்டுவிட்டு நாம் எழுந்து போனோம். செம்பில் தண்ணீருடன் திரும்பியபோது கை மீண்டும் சால்வைக்குள் இருந்தது. அவர் கேட்டது தண்ணீரன்று என்பது எமக்கு அன்றே தெரியும்.

மகள் ஒன்றும் பேசவில்லை. சற்றுநேரத்தின் பின் படத்தை மறுபடியும் ஓடவிட்டாள்.

அடுத்து வரும் ஒரு காட்சிக்காகவேனும் இப்படத்தைப் பார்க்கலாம். நீர்க்கரையில் பொம்மையுடன் தனியே விளையாடும் சிறுமியொருத்தி கரூனைக் காண்கிறாள். அவள் அஞ்சவில்லை, தன் தேநீர் விருந்துக்கு அவனை அழைக்கிறாள். அவனோ பொம்மையைத் தட்டிவிட்டு ஓடுகிறான். குழந்தை தப்பவேண்டுமே என்று தன்னிடமிருந்தே ஓடுவதாகத்தான் எமக்குப் பட்டது. அச்சிறுமியாக நடித்தவர் பின்னாளில் பெயர்பெற்ற ஜேன் ஆஷர்.

முடிவுதான் எமக்கு உவப்பாக இல்லை. வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தின் சாரத்தில் பற்றியிருக்கும் அவ்வுருவத்தை இறப்பரும் மாட்டிரைப்பையும் கொண்டு செய்தார்களாம், சிரிப்பே வந்தது. இலண்டன் நகரின் மின்சாரத்தையெல்லாம் பாய்ச்சி அதனைக் கொல்கிறார்கள். நைஜல் நீல் எழுத, பி.பி.சி. 1953இல் ஆறு பகுதிகளாக நேரடியாக ஒளிபரப்பிய மூல நாடகத்திலோ முடிவு வேறு. அங்கே பேராசிரியர் குவேற்றமாஸ் அவ்வுருவத்தின் முன் நின்று, அதனுள் எஞ்சியிருக்கும் மனிதரோடு பேசுகிறார். எதிர்த்து நில்லுங்கள் என்று வேண்டுகிறார். அவர்கள் செவிமடுக்கிறார்கள், அரக்கன் மடிகிறான். அந்நாடகத்தின் முதலிரண்டு பகுதிகளே இன்று எஞ்சியுள்ளமையால் அம்முடிவைக் காணும் பேறு எமக்கில்லை. படத்திலே அவனோடு ஒருவரும் பேசவில்லை.

படம் முடிந்தபின், "அப்பப்பாவை எனக்கு முகம் மட்டுந்தான் நினைவிருக்கிறது" என்றாள் மகள். பிறகு எம் வலக்கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.