கை வைக்காத வரைக்கும்

அழிந்துபோன ஃபைல்களை மீட்டுத் தருவது என் தொழிலில் ஒரு பகுதி. அதற்கு நான் ஓட்டும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம்; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். “அப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் காசு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மென்பொருளை ஓட்டுவதற்கு முன்னால் நடக்கிற வேலைக்குத்தான் அந்தக் காசு.

கல்யாணம் எடுத்த மெமரி கார்டைக் கைதவறி ஃபார்மட் செய்துவிட்டு ஸ்டுடியோக்காரர் வந்து நின்றால், “அதுக்கப்புறம் அதுல ஏதாவது படம் எடுத்தீங்களாண்ணே?” என்றுதான் முதலில் கேட்பேன். பாதி முடிவு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். ஃபைலை அழிக்கும்போது கணினி படத்தைத் துடைப்பதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் பக்கங்களை அப்படியே விட்டுவைப்பது போன்ற காரியம் அது. இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். அடுத்து எடுக்கிற படம் அங்கே போய் உட்காரும். அப்படி ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அடியில் இருந்ததை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது.

அதனால் கார்டு கைக்கு வந்ததும் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுத்தான் ரீடரில் செருகுவேன். வீட்டில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஃபைல் போன பதற்றத்தில் ரெக்குவா என்ற மீட்பு மென்பொருளைத் தேடி இறக்கி, ஃபைல் தொலைந்த அதே டிரைவில் நிறுவுவார்கள். தேட வந்த மென்பொருளே தேடப்படுகிற ஃபைலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மீட்டெடுத்ததை அதே டிரைவில் சேமிப்பதும் இந்த ரகம்தான். இன்னொரு கூட்டம் ‘இலவசம்’ என்று போட்ட ஏதோ ஒன்றை இறக்கும். அது மணிக்கணக்கில் தேடி, படங்களின் பட்டியலையும் காட்டிவிட்டு, சேமிக்கப் போகும்போது பணம் கேட்கும்.

கார்டுகளுக்கு நான் நம்புவது போட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது; பார்ட்டிஷன் தொலைந்தால் உதவும் டெஸ்ட்டிஸ்க்கும் அதே தொகுப்பில் வரும். கருப்புத் திரை, மவுஸ் கிடையாது, அம்புக்குறி விசைகள்தான். பட்டன் வைத்த வடிவமும் உண்டு, எனக்குக் கருப்புத் திரையே பழகிவிட்டது. கிழிந்த பொருளடக்கத்தைப் பற்றி அது கவலைப்படுவதே இல்லை. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். போட்டோரெக் கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போய், இப்படித் தெரிந்த தொடக்கம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு ஃபைலை வெட்டி எடுக்கும்.

எடுத்தபின் வருவதுதான் பெரிய வேலை. பழைய பெயர் எதுவும் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக ஃபைல்கள் கொட்டிக் கிடக்கும். முகூர்த்தம், ரிசப்ஷன், போன மாதத்துக் காதுகுத்து எல்லாம் ஒரே குவியல். நல்லவேளையாக கேமரா எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினால் முக்கால்வாசிச் சிக்கல் தீரும். டி என்ற எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் ஒளிந்திருந்த குட்டிப் படங்கள். அவற்றைப் பார்த்து “படமெல்லாம் சின்னதா வந்திருக்கே” என்று பதறுவார்கள். தனியாக ஒதுக்கிவிட்டால் போதும். வீடியோவுக்கு மட்டும் நான் உறுதி சொல்வதில்லை. பெரிய ஃபைல்கள் கார்டில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும், தொடக்கத்தைக் கண்டுபிடித்தாலும் அடுத்த துண்டு எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

ஹார்ட் டிஸ்க் வந்தால் முதலில் அதன் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகள்தான் என் கண்ணுக்கு முக்கியம்: மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்கமுடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். அது எண்ணை ஹெக்ஸாடெசிமலில் காட்டும் என்பதால் 10 என்று இருந்தால் 16 என்று படிக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் அந்த டிஸ்கில் மீட்பு மென்பொருளை ஓட்டமாட்டேன், விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டவே மாட்டேன். சரிசெய்கிறேன் என்று அது எழுதத் தொடங்கிவிடும். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் நகல் எடுப்பேன். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு தேடுவதெல்லாம் நகலில்தான். டக் டக் என்று சத்தம் கேட்கும் டிஸ்கை மட்டும் ஓட விடாமல் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது சுத்த அறை உள்ள ஆய்வகத்து வேலை.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் எதுவுமே அழிந்திருக்காது. திறந்தால் வெறும் ஷார்ட்கட், ஆனால் வலது கிளிக் செய்து பார்த்தால் இடம் நிரம்பியிருக்கும். வைரஸ் உங்கள் ஃபைல்களுக்கு மறைப்பு, சிஸ்டம் என்ற இரண்டு முத்திரைகளைக் குத்தி ஒளித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. வைரஸை நீக்கிவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் அட்ரிப் கட்டளையால் அந்த முத்திரைகளை எடுத்தால் எல்லாம் வெளியே வரும். ஃபார்மட் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் இதில் பாவம். அதுவும் ‘குயிக்’ குறியை எடுத்துவிட்டுச் செய்திருந்தால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும்.

புது லேப்டாப்களில் இந்த வித்தை எதுவும் பெரிதாகப் பலிப்பதில்லை. அவற்றில் இருக்கும் எஸ்எஸ்டியில் ஃபைலை அழித்ததும் விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே உண்டு. அந்த இடம் வேண்டாம் என்று தெரிந்ததும் எஸ்எஸ்டி தன் சௌகரியத்துக்கு அதைத் துடைத்துவிடும். அதற்கப்புறம் போட்டோரெக் தேடினாலும் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான். அப்படி வருபவர்களிடம் மிஷினை வாங்கி வைக்காமல், ரீசைக்கிள் பின்னைப் பார்த்தீர்களா, ஒன்டிரைவில் லாகின் செய்திருந்தீர்களா என்று கவுண்டரில் நின்றபடியே கேட்கிறேன். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டின் குப்பைத்தொட்டியிலும் அழித்தது 30 நாள் இருக்கும். அங்கே கிடைத்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.