பால்சாப் பெட்டி

சென்ற வாரம் ரொறன்ரோவில் பேரனுக்கு ஒரு பால்சா விமானப் பெட்டி வாங்கினேன். பாகங்களை ஒட்டிக் கட்டி, இறப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிடும் சிறு விமானம். திறந்ததும் வியந்துபோனேன். இறக்கையின் விலாக்கள் அனைத்தும் லேசரால் வெட்டப்பட்டு, விரலால் தட்டினாலே கழன்று விழுகின்றன. ஓரத்தில் மெல்லிய கருகல், அவ்வளவுதான்.

என் முதற் பெட்டி 1964இல் மாமா கொழும்பிலிருந்து மண்டைதீவுக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்துச் சரக்கு. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் பலகைமீது கோடு மட்டுமே அச்சிட்டிருக்கும். வெட்டுவது வாங்கியவன் பாடு. அண்ணாவும் நானும் சவர பிளேட்டால் ஒரு மாதம் வெட்டினோம். அச்சுத் தகட்டால் அழுத்தி வெட்டிய பெட்டிகளும் இருந்தன. தகடு மழுங்கினால் மரம் வெட்டுப்படாது, நசுங்கும். அந்தக் காலத்தைப் புகழ்பவர்கள் அவற்றைக் கட்டிப் பார்த்தவர்களா என்பது எனக்குச் சந்தேகமே.

மரத்தின் கதை வேறு. பால்சா என்று பெயர் ஒன்றாயினும் கன மீற்றருக்கு 100 கிலோவும் இருக்கும், 200ஐயும் தாண்டும். இறக்கைக்கு இலேசானதையும் உடற்சட்டத்துக்கு உறுதியானதையும் பொறுக்கிப் போடுபவனே நல்ல பெட்டிக்காரன். உலகப் பால்சாவில் பெரும்பகுதி ஈக்குவடோரில் விளைகிறது. 2020ஐ ஒட்டிக் காற்றாலை இறகுகளுக்காக அதை அள்ளிச் சென்றார்கள், விலை ஏறியது. பேரனின் பெட்டியில் ஒரே அளவான இரு பலகைகளில் ஒன்று நன்றாகவே கனத்தது.

மண்டைதீவில் எங்கள் விமானத்தின் விலாக்கள் மூன்று ஒடிந்தன. அண்ணா தென்னை ஈர்க்கை வளைத்துக் கட்டினார். பட்டத்துக்கு வாங்கிய ரிசுக் கடதாசியைப் போர்த்தினார். மூக்குப் பாரத்துக்கு வலையில் கட்டும் ஈயக் குண்டு. தீவில் சோளகமோ வாடையோ ஏதாவதொன்று அடித்துக்கொண்டேயிருக்கும். ஆதலால் விடியற்காலையில் கரைக்குப் போனோம். அது கோட்டைப் பக்கமாகப் பறந்து பரவைக் கடலில் விழுந்தது. அண்ணா இடுப்பளவு நீரில் நடந்துபோய் எடுத்துவந்தார். கடதாசி கிழிந்து தொங்கியது. விலாக்கள் அப்படியே இருந்தன.

பலாலிக்குப் போகும் விமானம் இன்னதென்று ஒலியைக் கேட்டே சொல்வார் அண்ணா. 1990இல் யாழ்ப்பாணத்தில் பொம்மர்கள் குண்டு வீசின. அந்த ஆகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதியில் இறங்க, ஊரை விட்டோம். விமானத்தின் வரைபடத்தாள் வீட்டோடு போயிற்று. அதன்பின் இரைச்சல் கேட்டால் அண்ணா நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியபோது தொலைபேசியில் சொன்னேன். "அப்படியோ" என்றார். என்ன விமானம் என்று கேட்கவில்லை.

நேற்றுப் பேரன் ஒரு விலாவை ஒடித்துவிட்டான். அண்ணாவிடம் பேசும்போது அதையும் சொல்லிவைத்தேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை.

"ஈர்க்கு வைச்சுக் கட்டு தம்பி. முத்தினதை எடாதை, பாரம்."

ரொறன்ரோவில் ஈர்க்குக்கு எங்கே போவது? தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாறு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை அவிழ்த்து, மெல்லியதாக ஒன்றைத் தேடி உருவினேன்.