மன்னிப்பின் பேரில் ஒளிந்துகொண்டேன்

வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பவர்டேபிள் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். எங்கள் சபைக் கமிட்டியில் செயலாளராகவும் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒரு பையனைக் கைவிட்டேன்.

என்னிடம் ஓவர்லாக் தைத்தவன். ஒடிசாவில் கந்தமால் மாவட்டம், ஜி. உதயகிரி பக்கம். ஞாயிறு மதியம் அவனுடைய லைன் வீட்டில் ஊர்க்காரப் பையன்கள் கூடி ஒடியாவில் பாடி ஜெபிப்பார்கள். ஒரு வாரம் சிலர் வாசலில் வந்து நின்று, "மதம் மாத்தறீங்களாடா?" என்று சத்தம் போட்டு, பைபிள்களைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் கேட்டது இரண்டு உதவி. மனு கொடுக்க ஸ்டேஷனுக்குக் கூட வர வேண்டும். மதியத்தில் சும்மா கிடக்கும் சபை ஹாலைத் தர வேண்டும்.

"தம்பி, சிலுவையிலயே ஆண்டவர் மன்னிச்சாரு. பெருசு பண்ணாத, ஜெபம் பண்ணு" என்றேன். கூடவே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவின் கதையையும் எடுத்துச் சொன்னேன், அதுவும் ஒரு ஒடிசாக்காரனிடம்!

1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் உயிரோடு கொளுத்தினார்கள். அவர் மன்னித்தார். அதற்குப் பிறகும் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். மன்னிக்கும் உரிமை அவருக்கு இருந்தது, ஏனென்றால் வெந்து போனது அவருடைய குடும்பம். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவும் இல்லை. கொலைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனக்கு எந்தக் காயமும் இல்லை. அடுத்தவன் காயத்தை நான் மன்னித்துவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "எங்களுக்கு இது புதுசு இல்லண்ணா" என்றான். 2008 ஆகஸ்டில் இந்துச் சாமியார் லட்சுமணானந்தா கொல்லப்பட்ட பிறகு கந்தமாலில் வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. அந்தக் கொலைக்கு மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்ற பிறகும் பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது. செத்தவர்கள் 39 பேர் என்பது அரசுக் கணக்கு. நூறை ஒட்டும் என்கின்றன சபைகள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். இந்துவாக மாறினால் ஊருக்குள் வரலாம் என்று பல ஊர்களில் நிபந்தனை போட்டார்கள். மாற மறுத்து நிவாரண முகாமில் கிடந்த குடும்பம் அவனுடையது. அப்படிப்பட்டவனுக்குத்தான் நான் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

பைபிளை எறிந்தவர்களைப் பார்த்து நான் பயந்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஸ்டேஷனில் என் பெயர் எழுதப்பட்டால் கம்பெனி முதலாளி என்ன நினைப்பாரோ என்பது ஒன்று. சொல்லவே கூசுகிற இன்னொன்றும் உண்டு. "வடக்கத்திப் பசங்க நம்ம ஹால்லயா?" என்று கமிட்டியில் கேட்பார்கள் என்று தெரியும். என் மனசுக்குள்ளும் அதே கேள்வி இருந்தது.

போராடத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது தெருவில் இறங்கினோம், பள்ளிகளை மூடினோம். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அரசே அதைத் திரும்பப் பெற்றது. அன்றைக்கு அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு எங்கள் வாயில் மனப்பாடம். லைன் வீட்டுப் பையனுக்கும் அதே பிரிவுதான். அவனுக்காக அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுவில் சாட்சியாக ஒரு கையெழுத்து, ஹாலின் சாவி, அவனோடு ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் கேட்டான். ஜெபத்தை அவன் என்னைவிட நன்றாகவே செய்துகொண்டிருந்தான்.

அவன் சூரத்துக்குப் போய்விட்டான். போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்க எனக்கு உரிமை இல்லை. அவனோடு ஜெபித்தவர்கள் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார்கள், கூடி ஜெபிக்க இடமில்லாமல். ஹாலை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நடந்ததையும் நான் செய்ததையும் சேர்த்து. சிலர் எதிர்க்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.